நம்ம வீட்டுக் குழு: ரேம் வாங்குறதா வேண்டாமா

கவிதா: வீடியோ எடிட் பண்ணா கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடுது. ரேம் 8 ஜிபிதான் இருக்கு. இன்னொரு 8 இன்னைக்கே ஆர்டர் போட்டுடவா?

முரளி: போடு

சித்தப்பா: நில்லுமா. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. ஸ்பீடு, ஸ்லாட் (ரேம் மாட்டுற இடம்), ஃபார்ம் ஃபேக்டர் (ரேமோட வடிவம்) மூணையும் இங்க போடு.

முரளி: கிளாஸ் ஆரம்பம் 😄

கவிதா: ஸ்பீடு 2666. ஸ்லாட் 1/2, ரெண்டுல ஒண்ணு காலி. ஃபார்ம் ஃபேக்டர் டிம்.

சித்தப்பா: அப்போ உன்னுது டிடிஆர்4, நாலாவது தலைமுறை ரேம். அதேதான் வாங்கணும். டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல. அதைப் போட்டு அமுக்கினா ஸ்லாட்தான் உடையும். டிம்னா டெஸ்க்டாப்ல போடுற நீள ரேம். எஸ்ஓ-டிம்னு காட்டியிருந்தா லேப்டாப் ரேம் வாங்கணும், சின்ன டெஸ்க்டாப் பெட்டிங்க நிறைய அப்படித்தான்.

அத்தை: கவி ஞாயித்துக்கிழமை வர்றியா இல்லியா

கவிதா: பாக்குறேன் அத்தை

முரளி: 3200 ஒண்ணு கம்மியா வருது. 2666 ஓடுற மதர்போர்டுல போடலாம்ல?

சித்தப்பா: போடலாம், வேகம் குறைஞ்சு ஓடும். ஆனா லேபிளைப் பாரு. 1.2 வோல்ட், சிஎல்22 (தாமதத்தோட அளவு)-ன்னா 3200 அதோட இயல்பான வேகம், 2666-க்கு ஒழுங்கா இறங்கும். 1.35 வோல்ட்னா அது பயாஸ்ல எக்ஸ்எம்பி-ங்கிற வேக செட்டிங்கை ஆன் பண்ணாத்தான் அந்த வேகம். இல்லேன்னா சிலது 2133, 2400-லதான் கிளம்பும், பழைய ரேமையும் கூடவே கீழ இழுத்துடும்.

அத்தை: தம்பி, இத சுருக்கமா சொல்லவே தெரியாதா உனக்கு

முரளி: 😂😂 அத்தை

முரளி: இது பாருங்க, 16 ஜிபி பாதி விலை. ஈசிசி ரெஜிஸ்டர்ட்னு போட்டிருக்கு

சித்தப்பா: தொடாதே! சர்வர் ரேம். சாதா போர்டுல டிஸ்ப்ளேவே வராது.

கவிதா: புதுசா 8 போதுமா, 16 போடவா?

சித்தப்பா: 8+8-ன்னா முழுசா டூயல் சேனல், அதாவது ரெண்டு ரேமும் சேர்ந்து ஒரே நேரத்துல வேலை செய்யும். 8+16-ம் ஓடும், 16 ஜிபி வரைக்கும் டூயல், மிச்சம் 8 சிங்கிள். எடிட்டிங்குக்கு 16தான் என் ஓட்டு. போர்டு மாடலைத் தேடி அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்னு பாத்துட்டு முடிவு பண்ணு.

முரளி: பழைய டிஸ்க்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டா எல்லாம் சரியாயிடும்

சித்தப்பா: ஆரம்பிச்சிட்டான். கவி, எடிட் பண்றப்போ மெமரி எத்தனை சதவீதம்?

கவிதா: 94. டிஸ்க்கும் 100 காட்டுது

முரளி: பாத்தீங்களா டிஸ்க்!

சித்தப்பா: ரேம் நிரம்பினா விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குல எழுதும்டா. அந்த 100 அதுனாலயும் இருக்கலாம். ரேம் முதல்ல.

அத்தை: என் ஸ்க்ரூடிரைவர் செட்டு யார்கிட்ட இருக்கு?

அத்தை: முரளி?

கவிதா: மாட்டுறது நானே பண்ணலாமா?

சித்தப்பா: தாராளமா. பவர் கேபிளைக் கழட்டு, பவர் பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி, கேபினட் இரும்பைத் தொடு. வெட்டு நேரா வச்சு ரெண்டு முனையையும் அமுக்கு, கிளிப் டக்குனு விழணும். தொடர்ந்து பீப் சத்தம் வந்து டிஸ்ப்ளே வரலேன்னா பெரும்பாலும் சரியா உக்காரல, பவரைக் கழட்டிட்டு மறுபடி மாட்டு. அப்பவும் வரலேன்னா புதுசை மட்டும் தனியா போட்டுப் பாரு. ஓடுச்சுன்னா ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராமை ஒரு ராத்திரி ஓட விடு. ஒரு எரர் வந்தாலும் திருப்பி அனுப்பிடு.

கவிதா: சரி சித்தப்பா. போர்டு போட்டோ அனுப்புறேன், கேபினட் திறக்கணும்

முரளி: எஸ்எஸ்டி லிங்க்கும் அனுப்பி வைக்கிறேன், சும்மா பாரு