குவாம்: முகாம் எழும்பிவிட்டது, பள்ளிக்கூடம்?

சேகர்_தஞ்சை:
பசிபிக்கில் 549 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதி குவாம். ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து 8,000 அமெரிக்க மரைன் படையினரையும் அவர்கள் குடும்பத்தார் 9,000 பேரையும் அங்கே மாற்றுவதாக 2006இல் அமெரிக்காவும் ஜப்பானும் பேசி முடித்தன. முதல் தொகுதியாகச் சுமார் நூறு பேர் போகத் தொடங்கியது 2024 டிசம்பரில். நடுவே பதினெட்டு வருடம்! அவ்வளவு அவகாசம் இருந்தும் அரசுப் பள்ளிகளின் கதி என்ன? 2023 ஆகஸ்டில் பல பள்ளிகள் சுகாதாரச் சோதனையில் தேறவில்லை. திறப்பு தள்ளிப்போனது, சில இடங்களில் ஷிஃப்ட் முறை வந்தது. அன்றைக்கே கூடுதல் பள்ளிகளைக் கட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

இனியன்:
வந்துவிட்டேன் அண்ணே. எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டச் சொல்கிறீர்கள்? இந்தப் படை மாற்றத்துக்காக 2009 நவம்பரில் வந்த வரைவுச் சுற்றுச்சூழல் அறிக்கை, 2014இல் உச்சமாக 79,000 பேர் கூடுவார்கள் என்றது. அப்போது தீவின் மொத்த மக்களே 1,60,000க்குள்தான். 2012இல் திட்டம் மாறி 5,000 படையினர், 1,300 குடும்பத்தார் என்றானது. 2015 அறிக்கையில் உச்சமே பத்தாயிரத்துக்குள் இறங்கிவிட்டது. 2010 கணக்கெடுப்பில் 1,59,358 பேர், 2020இல் 1,53,836 பேர். கூட்டம் வரும் வரும் என்று பந்தல் போட்டிருந்தால், இன்று காலி வகுப்பறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். வாடகை என்று சும்மா சொல்லவில்லை. அங்கே தனியார் கட்டிக்கொடுக்க, அரசு வருடக்கணக்கில் குத்தகைப் பணம் கட்டும் முறையில்தான் சில உயர்நிலைப் பள்ளிகளே எழும்பின.

சேகர்_தஞ்சை:
சரி, எண்ணிக்கை பொய்த்தது. அதற்காக இருக்கும் கட்டடத்தையும் விட்டுவிடலாமா? குவாமின் யிகோ ஊரில் இருக்கும் சைமன் சாஞ்சஸ் உயர்நிலைப் பள்ளி ஆண்டர்சன் விமானத் தளத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி. அதைப் புதிதாகக் கட்டுவோம் என்று பத்து வருடத்துக்கு மேல் பேச்சு, டெண்டர் வழக்கு. கடைசியில் 2023 மேயில் மாவர் புயல் வந்து மிச்சத்தையும் முடித்துவைத்தது.

பசிபிக்வாசி:
நான் குவாமின் டெடேடோவில் மூன்று வருடம் கணக்கர் வேலை பார்த்தவன். மரைன்களுக்குக் கட்டிய புதிய பிளாஸ் முகாமும் அந்த வட்டாரத்தில்தான். இரண்டு பேரும் படையினர் தலையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கு வரவே மாட்டார்கள். 1997இலேயே பாதுகாப்புத் துறை தனக்கென்று அங்கே பள்ளிகளைத் திறந்துகொண்டது.

கட்டட வேலைக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து எச்-2பி எனும் தற்காலிக வேலை விசாவில் வருபவர்களோ பெரும்பாலும் தனி ஆட்கள். தங்குவது கம்பெனிக் குடியிருப்பில்.

அப்படியானால் பிள்ளையோடு வருவது யார்? சூக், பொன்பே போன்ற மைக்ரோனேசியத் தீவுக்காரர்கள். அமெரிக்காவோடு 1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி அவர்களுக்கு விசா வேண்டாம். வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டால் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். என் பக்கத்து வீட்டில் சூக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம். நான்கு பிள்ளைகள், ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை புதுக் கட்டடம் இல்லை, அவர்கள் மொழி தெரிந்த ஒரு டீச்சர். இவர்களுக்காக வாஷிங்டன் தந்துவந்த ஈட்டுத்தொகை செலவில் பாதிக்குக்கூடக் காணவில்லை என்பது குவாம் ஆளுநர்களின் பழைய புலம்பல். முகாம் அறிக்கையில் 'தூண்டப்பட்ட மக்கள்தொகை' என்று ஒரு வரி வரும், அதாவது முகாமால் பெருகும் வேலைகளைத் தேடி வருபவர்கள். அந்த வரியில் இவர்களும் அடக்கம்.

கலைவாணி டீச்சர்:
பசிபிக்வாசி தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2015–16 வாக்கில் எச்-2பி விண்ணப்பங்களைக் குடியேற்றத் துறை ஏறக்குறைய மொத்தமாக நிராகரிக்க ஆரம்பித்தது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் விலக்கு கொடுத்தபோது அது ராணுவம் சார்ந்த வேலைகளுக்கு மட்டும். விளைவு, கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் முகாமுக்கு. பள்ளிக் கூரை ஒழுகினால் ஆள் இல்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. சேகர், நீங்கள் பணம் எங்கே என்று கேட்டால் நான் கை எங்கே என்று கேட்பேன். 1977இல் தொடங்கிய குவாம் சமுதாயக் கல்லூரி தொழில்பயிற்சி கொடுக்கிறது. 1952இல் ஆசிரியர் பயிற்சிக்காகத் தொடங்கியது இன்றைய குவாம் பல்கலைக்கழகம். முதல் காசு இந்த இரண்டுக்கும் போயிருக்க வேண்டும்.

இனியன்:
டீச்சர், படித்தவன் அங்கே தங்க வேண்டுமே? அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். சான்றிதழ் வாங்கிய கையோடு கலிஃபோர்னியாவுக்கு டிக்கெட். மக்கள்தொகை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கலைவாணி டீச்சர்:
போகட்டும், போவது அவன் உரிமை. பத்தில் நான்கு பேர் தங்கினாலும் லாபம்தான். தீவின் பூர்வகுடிகளின் சாமோரோ மொழிக்கு டீச்சரைக் கலிஃபோர்னியாவிலிருந்து இறக்க முடியாது பாருங்கள். அமெரிக்கக் கடற்படை ஆட்சிக் காலத்தில் பள்ளியில் அந்த மொழியைப் பேசவிடாமல் தடுத்த ஊர் அது. இப்போது பாடமாக வைத்திருக்கிறார்கள், நடத்த ஆள் குறைவு. வெளியூர் டீச்சரால் வகுப்பை நிரப்பிவிட்டு 'தயாராகிவிட்டோம்' என்பார்கள், பிரச்சினையே அதுதான்.

சேகர்_தஞ்சை:
சரி, 'கூடுதல் பள்ளி' என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: அடுத்து ஏவுகணைப் பாதுகாப்பு அமைப்பு வருகிறது. தீவில் பல இடங்களில் நிறுவப்போகிறார்கள். மறுபடியும் கட்டட வேலை, மறுபடியும் கொத்தனாருக்குப் போட்டி. இந்தத் தடவையாவது ஒப்பந்தத்திலேயே 'இத்தனை உள்ளூர்ப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்' என்று எழுதி வாங்க முடியாதா?

பசிபிக்வாசி:
எழுதி வாங்க யாரை அனுப்புவீர்கள் அண்ணே? குவாம்காரர்களுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் இருப்பது ஒரே ஒரு பிரதிநிதி. அவருக்கும் அவையின் இறுதி வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது.