காலேஜ் டீமில் எத்தனை வருஷம் ஆட விடலாம்? நம்ம குமரிப் பக்கத்தில் பார்த்தது, பட்டது

கரைக்காரன், தூத்தூர் பக்கம்

இரையுமன்துறையில் இருந்து நீரோடி வரைக்கும் எங்கள் கடற்கரையில் கால்பந்து ஆடத் தெரியாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீக் வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். அதே அளவுக்கு ஆட்டம் இருந்தும் காலேஜ் டீமோடு நின்றுபோன ஒருத்தனைப் பற்றிச் சொல்லத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஜூனியர், லெஃப்ட் விங். பி.காம். ரெண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது, தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்த அவன் அப்பா திரும்பி வரவில்லை. வீட்டில் இவன்தான் மூத்தவன், கீழே ரெண்டு தங்கச்சி. டி.சி.யை வாங்கிக்கொண்டு அவனும் தங்கலுக்கே போனான், அதே கடலுக்கு. தங்கச்சிகளில் ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்து கடன் கொஞ்சம் தீர்ந்த பிறகு 2021-ல் மறுபடி முதல் வருஷம், ரெகுலரில் சேர்ந்தான். தபால் வழியில் படித்தால் போதும் என்று வீட்டில் சொன்னார்கள், ஆனால் தபாலில் படித்தால் யுனிவர்சிட்டி டீமில் ஆட முடியாது, முழுநேர மாணவனாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் சேர்ந்ததே அதற்காகத்தான்.

அந்த வருஷம் அபிஷேகப்பட்டியில் எங்கள் யுனிவர்சிட்டி நடத்தின கேம்பில் செலக்ட் ஆகி சவுத் ஜோன், அதாவது தென்மண்டல யுனிவர்சிட்டிகளுக்கு இடையிலான போட்டி, ஆடினான். கடலில் வலை இழுத்த உடம்பு, ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் பந்தை விடமாட்டான். அடுத்த வருஷம் எலிஜிபிலிட்டி பாரம் பூர்த்தி செய்யும்போது ஜூலை 1 கணக்குப்படி வயது வரம்பான 25 முடிந்துவிட்டது, பெயர் வெளியே. அன்றைக்கு என்னிடம் கேட்டான்: "அண்ணே, நான் காலேஜில் இருந்ததே மொத்தம் ரெண்டரை வருஷந்தான். அதுக்குள்ள எனக்கு வயசாயிப் போச்சா?"

நான் கேட்பது இவ்வளவுதான். அவன் ஆடின வருஷத்தை எண்ணாமல் பிறந்த வருஷத்தை எண்ணுவது என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற பி.டி., நாகர்கோவில்

தம்பி சொன்ன பையன் மாதிரி ஒருவனை நானும் பார்த்திருந்தால் எனக்கும் மனசு கேட்டிருக்காது. ஆனால் நான் பார்த்தது அதிகமும் வேறு ரகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷம் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன் நான். வயது வரம்பு மட்டுமல்ல, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் விதியில் இன்னொன்றும் உண்டு: காலேஜில் சேரத் தகுதி தரும் பரீட்சையில், அதாவது பெரும்பாலும் பிளஸ் டூவில், பாஸ் ஆகி எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்துதான் கதவு. இந்தக் கதவும் போதாது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தான். பி.ஏ. முடித்தான், எம்.ஏ. சேர்ந்தான், அது முடிந்ததும் வேறொரு பாடத்தில் இன்னொரு எம்.ஏ., அப்புறம் ஒரு வருஷப் படிப்பு ஒன்று. வகுப்பில் அவன் முகத்தைப் பார்த்த பேராசிரியர்கள் குறைவு. எல்லா வருஷமும் அவன்தான் கேப்டன், கோப்பை வந்துகொண்டே இருந்தது, நிர்வாகத்துக்கும் சந்தோஷம், யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவனுக்குப் பின்னால் பூதப்பாண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வேகத்தில் அவன் சீனியரை விட மேல் என்பது என் அபிப்பிராயம், கோச் கேட்கவில்லை. பட்டம் வாங்கிப் போனான், கையில் பாரம் 3 இல்லை. தெரியாதவர்களுக்காக: யுனிவர்சிட்டிக்கு ஆடினதற்கு ஆதாரம் அந்தத் தாள்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அந்த மட்டத்துக்கு நீட்ட வேண்டியது அதைத்தான். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டிலோ 18 முதல் 25 வரைக்கும்தான் வயது, தளர்வே கிடையாது. ஒருவன் எட்டு வருஷம் டீமில் உட்கார்ந்தால் அவன் ஒருவனுக்கு ஒரே மாதிரி எட்டுத் தாள், பின்னால் நிற்பவனுக்கு ஒன்றும் இல்லை. நேஷனல் லெவலில் மெடல் வாங்குகிறவன் என்றால் அது வேறு விஷயம், நம்ம ஊரில் பேசுவது பெரும்பாலும் வேலை பற்றித்தான் என்பதை மறைக்க என்ன இருக்கிறது.

யு.ஜி. மூன்று, பி.ஜி. ரெண்டு, ஆக ஐந்து வருஷம். அதற்கு மேல் ஒரு நாள் கூட வேண்டாம் என்பேன்.

குலசேகரம் அக்கா

பி.டி. சார், தம்பி, ரெண்டு பேருமே பையன்களை வைத்தே பேசுகிறீர்கள். 25-ஆ, எட்டா, ஐந்தா என்ற கேள்வியே எங்கள் கபடி டீமில் வந்ததில்லை, ஏனென்றால் 21 தாண்டி யாரும் மிஞ்சியதில்லை. ஃபைனல் இயர் செமஸ்டர் முடிவதற்குள் நிச்சயதார்த்தம், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். கல்யாணம், அடுத்த வருஷம் மகன் பிறந்தான்.

மறுபடி எம்.ஏ. சேரச் சொன்னது என் மாமியார். அவர்கள் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள். விடியும் முன்னே போய்ப் பத்து மணிக்கெல்லாம் வேலை முடித்து வந்துவிடுவார்கள். சாயங்காலம் பிராக்டிஸ் நடக்கும்போது என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிரவுண்டு ஓரத்தில் நிற்பார்கள். அவனும் எதற்கென்றே தெரியாமல் "கபடி கபடி" என்று கத்துவான். டீமில் எல்லாரும் அவர்களை அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு 24. ஒரு சீசன் கிடைத்தது, அதோடு வயது முடிந்தது. பிள்ளை பெற்ற வருஷத்தை மட்டும் கழித்திருந்தால் இன்னொரு சீசன் ஆடியிருப்பேன். உடம்பு அப்போதுதான் பழைய நிலைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பி.டி. சாரின் ஐந்து வருஷக் கணக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை சார், நான் ஐந்து வருஷத்தைத் தொட்டதே கிடையாது.

வெட்டூர்ணிமடம் டு அமெரிக்கா

பத்து வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் ஒரு யுனிவர்சிட்டி ஊரில் குப்பை கொட்டுகிறேன். இங்கே காலேஜ் விளையாட்டு என்றால் கோடிகளில் புரளும் வியாபாரம், நம்ம சவுத் ஜோனோடு வைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் நீங்கள் போடுகிற இதே சண்டை இங்கே கோர்ட்டில் நடக்கிறது.

இங்கே காலேஜ் விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் முதல் பிரிவில் பல வருஷமாக ஓடிவந்த கணக்கு, ஐந்து வருஷத்துக்குள் நாலு சீசன். காலேஜில் முழுநேரமாகச் சேர்ந்த நாளில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், நடுவில் படிப்பை விட்டாலும் நிற்காது. ராணுவ சேவைக்கும் மதப் பணிக்குப் போவதற்கும் விலக்கு உண்டு. அக்கா, உங்களுக்காகச் சொல்கிறேன், கர்ப்பமாக இருந்தால் ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும். கொரோனா சீசனையும் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். கேம் மெக்கார்மிக் என்று ஒருத்தர், காயத்துக்கு மேல் காயம், அதற்கெல்லாம் விலக்கு வாங்கி வாங்கி 2024-ல் ஒன்பதாவது வருஷம் காலேஜ் ஃபுட்பால் ஆடினார். இது அவர்களுடைய ஃபுட்பால், நீள்வட்டப் பந்து.

அதே வருஷம் டியேகோ பாவியா என்ற வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்), ரெண்டு வருஷப் படிப்பு நடக்கும் ஜூனியர் காலேஜில் ஆடின வருஷங்களை என் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று வழக்குப் போட்டார். டிசம்பரில் இடைக்காலத் தடை வாங்கி 2025-லும் ஆடினார். அவரைப் பார்த்து நிறைய பேர் கோர்ட் படி ஏறிவிட்டார்கள். 2021-ல் இருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-ல் காலேஜே நேரடியாகக் காசு கொடுக்கவும் வழி வந்துவிட்டது. ஒரு சீசன் போனால் பெரிய தொகை போகும். சும்மா விடுவார்களா?

எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. ரெண்டாம், மூன்றாம் பிரிவுக் காலேஜ்களில் வருஷக் கடிகாரமே கிடையாது, முழுநேரமாகப் படித்த செமஸ்டர்களை எண்ணுகிறார்கள். பத்து செமஸ்டர், அவ்வளவுதான். நடுவில் ஒருவன் கடலுக்குப் போனாலும் கடைக்கு வேலைக்குப் போனாலும் அந்தக் காலம் கணக்கில் வராது. கரைக்காரன் சொன்ன லெஃப்ட் விங் இங்கே இருந்திருந்தால் அவன் கையில் இன்னும் அஞ்சு செமஸ்டர் மிச்சம் இருந்திருக்கும்.

முதல் வருஷம், பி.எஸ்சி.

இப்போது டீமில் இருக்கிறவன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிரணி ஆளை ஆஃப்சைடில் சிக்கவைக்கிற ஆஃப்சைடு டிராப்பை எனக்குச் சொல்லித் தந்தது கோச் இல்லை, எம்.காம். படிக்கிற சீனியர் அண்ணன்தான். எல்லாரும் மூன்று வருஷத்தில் போய்விட்டால் சொல்லித்தர யார் இருப்பார்கள்? அதே சமயம் அவர் என் பொசிஷன் ஆள் இல்லை, அதனால்தான் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்று என் ரூம்மேட் பக்கத்தில் இருந்து சொல்கிறான்.

கரைக்காரன், தூத்தூர் பக்கம்

அமெரிக்கா அண்ணே, அந்தப் பத்து செமஸ்டர் கணக்குதான் நான் தேடினது. பி.டி. சார், நீங்கள் சொன்ன ஐந்து வருஷம் என்பதும் பத்து செமஸ்டர்தானே? உங்கள் ஸ்ட்ரைக்கர் ரெண்டாவது எம்.ஏ. சேரும்போதே வெளியே போயிருப்பான், என் ஆளோ உள்ளே இருந்திருப்பான், அக்காவுக்கும் ஒரு சீசன் கூடக் கிடைத்திருக்கும். இதில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பி.டி., நாகர்கோவில்

அந்தக் கணக்கில் எனக்கு ஆட்சேபணை இல்லை தம்பி. ஆனால் வயதை முழுசாகத் தூக்கினால் முப்பது வயது ஆள் பதினெட்டு வயதுப் பையனோடு கபடியில் மோதுவான், கை கால் போகும். 28 என்று ஒரு மேல் வரம்பு வைத்துவிட்டு உள்ளே செமஸ்டரை எண்ணட்டும். எப்படி எண்ணுவது என்று யாரும் சாக்குச் சொல்லவும் முடியாது, இப்போது தமிழ்நாட்டில் காலேஜ் மாணவர்களுக்கு யு.எம்.ஐ.எஸ். என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறது, எந்த வருஷம் எந்தப் படிப்பில் இருந்தான் என்பதை அதை வைத்தே எடுத்துவிடலாம். அட்டெண்டன்ஸையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது, கிளாஸ் பக்கமே போகாத ஸ்ட்ரைக்கர்களும் அதில் மாட்டுவார்கள்.