மறு: இழைமணி பாட்டில்நெக் – குப்பிக்கழுத்து வேண்டாமே

இழைமணியின் (செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏ தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வழியில் அதன் படிகள் (நகல்கள்) மிகவும் குறைந்துபோவதை ஆங்கிலத்தில் 'பாட்டில்நெக்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'குப்பிக்கழுத்து போதும், ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே' என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. குப்பியைக் கவிழ்த்தால் கழுத்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். தமிழில் படிப்பவர் இதை 'தாமதம்' என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே டிஎன்ஏ படிகளில் பெரும்பாலானவை அடுத்த தலைமுறைக்கு வருவதே இல்லை.

முட்டைக்குள் இழைமணி டிஎன்ஏ லட்சக்கணக்கில் இருக்கிறது (விந்தோடு வரும் கொஞ்சநஞ்சத்தைக் கரு அழித்துவிடுகிறது). கருவுற்றபின் செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிகிறது. ஆனால் முதல் சில நாட்களுக்கு இந்த டிஎன்ஏ பெரிதாக இரட்டிப்பாவதில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தைப் பிள்ளைகளும் பேரன்களும் பாகம் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஆளுக்கு அரை சென்ட் மிஞ்சுமே, அந்தக் கதைதான். (அம்மா விட்டுப்போன நிலம் என்று சொல்லியிருக்க வேண்டும்!) பின்னால் முட்டையாகப் போகிற செல்கள் தனியே ஒதுங்கும்போது, எலிகளில் 2008-இல் வந்த ஓர் ஆய்வின்படி, செல்லுக்குச் சுமார் 200 படிகள்தான். அவற்றிலிருந்துதான் மறுபடி லட்சங்கள் பெருக வேண்டும். அதனால்தான் கோளாறுள்ள படிகள் ஒரு பிள்ளைக்கு நிறையவும் கூடப்பிறந்ததற்குக் கொஞ்சமாகவும் போகின்றன. முதலில் இதைக் காட்டிக்கொடுத்தவை பசுக்கள்: 1982-இல் ஹாஸ்வர்த், லைப்பிஸ் என்ற ஆய்வாளர்கள், ஒரே தாய்வழியில் வந்த ஹோல்ஸ்டீன் மாடுகளுக்குள்ளேயே இழைமணி டிஎன்ஏ வேறுபடுவதைக் கண்டார்கள்.

இதே பொருளுக்கு அக்கா ஒருவர் சொன்ன 'விதைநெல்' அழகான சொல், கிட்டத்தட்ட மயங்கிவிட்டேன். ஆனால் விதைநெல்லைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வைக்கிறோம். இங்கே பெரும்பாலும் குருட்டாம்போக்குதான்.

என் பரிந்துரை: படியருகல், அதாவது படிகள் அருகிப்போவது, குறைந்துபோவது. அருகல் என்றால் பக்கத்தில் என்று பொருள்படாதா என்று கேட்பீர்கள். அருகிவரும் உயிரினங்கள் என்று பள்ளிப்பிள்ளைகளே எழுதுகிறார்களே, யாரும் குழம்பவில்லை. 'இழைமணி அருகல்' என்றும் சொல்லக்கூடாது, அருகுவது இழைமணி அல்ல, செல்லுக்குக் கிடைக்கும் டிஎன்ஏ படிகள். ஒரே சிக்கல், பாடநூலில் 'படியெடுத்தல்' என்பது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ உருவாவதற்குப் பெயராகிவிட்டது. வேண்டுமானால் நகலருகல் என்று வைக்கலாம், எனக்கு வாயில் நுழையவில்லை.

அப்புறம், ஹெட்டிரோபிளாஸ்மியையும் (ஒரே செல்லில் வேறுபட்ட இழைமணி டிஎன்ஏக்கள் கலந்திருப்பது) இந்த இழையிலேயே இழுத்துவிடாதீர்கள், அதற்குத் தனி மடல் போடுகிறேன்.