ஸ்மாக்டவுன் கேமில் ரிவர்சல் விழவே மாட்டேங்குது, யாராவது உதவுங்கள்

சிப்புட் பையன் · இரவு 9.14

அண்ணன்மார்களே, கொஞ்சம் அவசரம். தீபாவளிக்கு ஜொகூர் பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் தோட்டத்து வீட்டுக்கு வருகிறார்கள். வருடா வருடம் ஸ்மாக்டவுன் மல்யுத்த கேமில் போட்டி வைப்பது வழக்கம். நேற்று எடுத்து ஓட்டிப் பார்த்தேன், எதிரியின் அடியையும் பிடியையும் திருப்பிவிடும் ரிவர்சல் ஒன்றுகூட விழவில்லை. எவ்வளவு சரியாக அழுத்தினாலும் அடிதான் வாங்குகிறேன். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் நான் பிடிக்கும் பிடியை எல்லாம் திருப்பிவிடுகிறது. கேம் கெட்டுப்போச்சா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கிந்தா வாசி · இரவு 9.20

எந்த ஸ்மாக்டவுன், தம்பி? பிளேஸ்டேஷனில், அதாவது பி.எஸ்.1இல் இரண்டு வந்தது, பி.எஸ்.2இல் அதற்கு மேல். எந்த மெஷின், அதையும் சொல்லுங்கள்.

ரப்பர் மரம் · இரவு 9.23

பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய டிஸ்க்தானே? காப்பி டிஸ்க் என்றால் லென்ஸ் திணறும், கேம் இழுக்கும். ஒரிஜினல் டிஸ்க் போட்டுப் பாருங்கள்.

கேம் வாத்தியார் · இரவு 9.31

இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். உங்கள் கேமில் டிஃபிகல்டி 'ஸ்மாக்டவுன்' என்ற கடைசி நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் கம்ப்யூட்டர் அப்படித்தான் திருப்பும். ஆப்ஷனில் போய் 'நார்மல்' வைத்துவிட்டு ஆடிப் பழகுங்கள். ரிவர்சல் என்பது பழக்கத்தில் வருவது. கேமைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிப்புட் பையன் · இரவு 9.40

ஹியர் கம்ஸ் தி பெயின். பி.எஸ்.2. டிஸ்க் அண்ணனுடையது, போன வருடம்கூட நன்றாக ஓடியது. டிஃபிகல்டி நார்மலில்தான் இருக்கிறது, வாத்தியார் அண்ணே.

மின்கம்பி · இரவு 9.44

போன வருடம் ஓடியது, இந்த வருடம் ஓடவில்லை என்றால் நடுவில் எது மாறியது? கன்ட்ரோலரா, கேபிளா, டிவியா? அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

லூனாஸ் அக்கா · இரவு 9.47

தம்பி, கன்ட்ரோலரில் எல்2, ஆர்2 பட்டன் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தீர்களா? இந்தக் கேமில் ஒன்று அடியைத் தடுக்க, இன்னொன்று பிடியைத் திருப்ப. பழைய கன்ட்ரோலரில் முதலில் சாகிறது அந்த இரண்டு பட்டனும்தான். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்தால் அழுத்தினாலும் பதியாது. எல்1இல் ஃபினிஷர், அதாவது ஆட்டத்தை முடிக்கும் பெரிய அடி, வருகிறதா என்றும் பாருங்கள்.

ரப்பர் மரம் · இரவு 9.52

அண்ணன் டிஸ்க் என்றாலும் கீறல் விழுந்திருக்கலாம். டிஸ்கைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள்.

பழைய பெட்டி · இரவு 10.05

எனக்கு ஒன்று புரியவில்லை. முடிவை முன்கூட்டியே பேசி வைத்து ஆடுகிற சண்டை அது. அதை கேமாக்கி, அதில் ரிவர்சல் நேரத்துக்கு விழவில்லை என்று பிள்ளைகள் தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா? என் அப்பா காலத்தில் கிங் காங், தாரா சிங் என்ற மல்யுத்த வீரர்கள் மலாயாவுக்கே வந்து ஆடினார்கள். தோட்டத்தில் லாரி வைத்துப் போவார்களாம். அதெல்லாம் உண்மையான மல்யுத்தம்.

கிந்தா வாசி · இரவு 10.12

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கிங் காங் ஆட்டங்களும் கூட்டத்தைச் சேர்க்க நடந்த காட்சிகள்தான், அன்றும் அது ஒரு தொழில். முடிவு பேசி வைத்ததாக இருந்தாலும் விழுகிற விழுகை உண்மை. முதுகும் முழங்காலும் போனவர்கள் எத்தனை பேர்!

கேம் அந்த விஷயத்தில் தலைகீழ். கேமில் முடிவை யாரும் பேசி வைக்கவில்லை, நாமே ஜெயிக்க வேண்டும். ரிவர்சல் இல்லாமல் போனால் மாற்றி மாற்றிக் குத்துவதுதான் மிச்சம். யார் கை மேலே, யார் கை கீழே என்று நொடிக்கு நொடி மாறுவதைக் கொடுப்பதே அந்த இரண்டு பட்டன்தான். தம்பி பதறுவது நியாயம்.

சிப்புட் பையன் · இரவு 10.15

கன்ட்ரோலர் மாற்றிப் பார்த்தேன், தங்கையுடையது, புதுசு. அதிலும் அதே கதை. இரண்டு பேர் ஆடினால் இரண்டு பேருக்குமே விழவில்லை. ஃபினிஷர் வருகிறது. டிவி மாறியது. பழைய பெட்டி டிவி போய்விட்டது, அப்பா புது டிவி வாங்கினார். அதில் பி.எஸ்.2 வயரைச் செருக இடம் இல்லை, கடையில் சின்னப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள்.

மின்கம்பி · இரவு 10.26

கேட்க வேண்டிய செய்தி இதுதான். முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் போயிருக்காது, பரவாயில்லை. உங்கள் கேமும் கெடவில்லை, கையும் கெடவில்லை. படம் தாமதமாக வருகிறது.

பெட்டி டிவியில் சிக்னல் வந்த உடனே திரையில் கோடு கோடாக வரைந்துவிடும், காத்திருக்காது. புது டிவி அப்படி இல்லை. பி.எஸ்.2 பாதிப் பாதிக் கோடுகளாக அனுப்பும் படத்தைச் சேர்த்து, பெரிதாக்கி, நிறத்தைச் சரி செய்து, அதன் பிறகுதான் காட்டும். நடுவில் அந்தச் சின்னப் பெட்டி வேறு அனலாக் சிக்னலை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றுகிறது. கேம் நொடிக்கு 60 படம் காட்டுகிறது என்றால் ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லிசெகண்டுதான். ஆறேழு படம் பின்தங்கினாலே 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். எதிரி கை நீட்டுவதை நீங்கள் பார்க்கும்போது கேமுக்குள் அவன் உங்களைத் தூக்கியாகிவிட்டது. நீங்கள் சரியாகத்தான் அழுத்துகிறீர்கள், ஏற்கெனவே முடிந்துபோன காட்சிக்கு.

கம்ப்யூட்டர் மட்டும் எல்லாவற்றையும் திருப்புவதும் இதனால்தான். அது டிவியைப் பார்த்து ஆடுவதில்லை. இரண்டு பேருக்குமே விழவில்லை என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி உறுதி. ஃபினிஷர் வருவதும் பொருந்துகிறது. அதற்கு நீங்களே நேரம் பார்த்து அழுத்துகிறீர்கள், எதிரியின் அசைவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மீதிப் பாதிக்கு ஒரு சோதனை செய்யுங்கள். கைத்தொலைபேசியில் ஸ்லோ மோஷன் வைத்து, கன்ட்ரோலரும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். பட்டனை அழுத்திய பிறகு திரையில் எப்போது அசைகிறது என்று பாருங்கள். தெரிந்துவிடும்.

கேம் வாத்தியார் · இரவு 10.34

தாமதம் எல்லா டிவியிலும் உண்டு. நான் புது டிவியில்தான் ஆடுகிறேன், எனக்கு விழுகிறதே. முன்கூட்டியே கணித்து அழுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைத்தான் பழக்கம் என்றேன்.

மின்கம்பி · இரவு 10.39

வாத்தியார் அண்ணே, உங்கள் டிவியில் கேம் மோட் போட்டிருப்பீர்கள், அல்லது அந்த டிவிக்கு இயல்பிலேயே தாமதம் குறைவு. ஒவ்வொரு டிவியும் ஒவ்வொரு விதம். தெரிந்த அளவு தாமதம் என்றால் பழகலாம். ஆனால் தீபாவளிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் பழகிவிடுவார்களா?

நோ மெர்சி ரசிகன் · இரவு 10.48

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் நான் இன்னும் நின்டெண்டோ 64இல் நோ மெர்சி என்ற மல்யுத்த கேம் ஆடுகிறேன், அதுவும் பெட்டி டிவியில். 2000இல் வந்தது, ஆகி என்ற ஜப்பான் கம்பெனி செய்தது. பட்டனைத் தட்டினால் லேசான பிடி, அழுத்திப் பிடித்தால் பலமான பிடி, அவ்வளவுதான் கற்க வேண்டியது. வீரரின் உற்சாகத்தைக் காட்டும் மீட்டர் ஏறி இறங்கி ஆட்டம் கைமாறிக்கொண்டே இருக்கும். தோற்றாலும் கதை வேறு பாதையில் தொடரும், திரும்ப ஆடு என்று துரத்தாது. மல்யுத்தத்தைப் புரிந்துகொண்டு செய்த கேம் அது ஒன்றுதான்.

கிந்தா வாசி · இரவு 10.55

அதன் முதல் கேட்ரிட்ஜ்களில் சேமித்ததெல்லாம் தானாக அழிந்த கதையை விட்டுவிட்டீர்களே. பட்டத்தை எல்லாம் ஜெயித்துவிட்டு மறுநாள் போட்டால் வெறுமையாக இருக்கும். அதைவிடக் கொடுமை உண்டா?

ஹியர் கம்ஸ் தி பெயின் 2003இல் வந்தபோது, தலை, உடம்பு, கை, கால் என்று எங்கே அடி பட்டதோ அந்த இடத்தின் நிறம் மாறுவதைத் திரை ஓரத்தில் காட்டியது. காலையே குறிவைத்து அடித்து, பிறகு கால் பிடியில் சரணடைய வைக்கலாம். எலிமினேஷன் சேம்பர் கூண்டில் 6 பேர் ஆடலாம். பழைய அண்டர்டேக்கரும் ரோடி பைப்பரும் இருக்கிறார்கள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். இன்றும் தோட்டத்து வீடுகளில் அது ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது.

நோ மெர்சி ரசிகன் · இரவு 11.02

வேகம்தான் அதன் குறையே. விழுந்தவன் உடனே எழுந்து ஓடுகிறான், அடிக்கு ஒரு கனமே இல்லை. வர்ணனையும் கிடையாது. முந்தைய ஆட்டத்தில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். கதையாக ஆடும் சீசனை இரண்டு முறை முடித்தால் அதே காட்சி, அதே சண்டை. இருவர் சேர்ந்து ஆடும் டேக் ஆட்டத்தில் கம்ப்யூட்டர் கூட்டாளி, நாம் எதிரியை மல்லாத்தி அமுக்கி பின் போடும்போது நம்மையே தடுமாற வைப்பான்.

லூனாஸ் அக்கா · இரவு 11.10

வர்ணனை இல்லாததுதான் எங்கள் வீட்டில் நல்லதாகப் போச்சு. என் சித்தப்பா தமிழில் வர்ணனை சொல்வார், சத்தம் பக்கத்து லயன் வரை கேட்கும்.

எனக்கு எல்லா மல்யுத்த கேமிலும் ஒரே வருத்தம்தான். ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தது என்று மட்டும் சொல்கிறது. டிவியில் பார்க்கும்போது ஜெயித்தவனைவிட நன்றாகத் தோற்றவனைத்தான் பல நாள் பேசுவோம். ஃபயர் புரோ மாதிரி சில கேம்கள்தான் ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று மதிப்பெண் போடுகின்றன. பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கும்போது தோற்றவருக்கும் மதிப்பெண் கொடுங்கள், தம்பி. சின்னவர்கள் அழாமல் இருப்பார்கள்.

பழைய பெட்டி ஐயாவுக்கு ஒன்று. நம் நாட்டிலேயே நோர் ஃபீனிக்ஸ் டயானா என்ற பெண் ஹிஜாப் அணிந்து மல்யுத்தம் ஆடுகிறார். 2019இல் ஆண்களோடு மோதிப் பட்டம் வென்றார். ஒரு முறை பாருங்கள், பிறகு பொய்ச் சண்டை என்று சொல்லுங்கள்.

பழைய பெட்டி · இரவு 11.17

பார்க்கிறேன் அம்மா. பொய் என்று இழிவாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளியே ஓடி ஆடாமல் டிவி முன்னால் இருப்பதுதான் என் கவலை.

கேம் வாத்தியார் · இரவு 11.25

பழைய கேம்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். புது மல்யுத்த கேமான டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2கே 22இல் ரிவர்சலும் பிடியும் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. பி.எஸ்.2ஐத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்கினால் இந்தத் தாமதச் சிக்கலும் குறையும்.

ரப்பர் மரம் · இரவு 11.29

2கே 20 நினைவில்லையா? 2020 ஜனவரி 1 பிறந்த உடனே கேம் திறக்கவே மாட்டேன் என்றது. மெஷினில் தேதியைப் பின்னால் தள்ளி வைத்து ஆடினார்கள். சில வருடங்களில் சர்வரையும் மூடிவிடுகிறார்கள். அப்புறம் மற்றவர்கள் செய்து ஏற்றிய வீரர்களை இறக்க முடியாது. டிஸ்கில் இருப்பது டிஸ்கிலேயே இருக்கும் கேமுக்குத்தான் என் ஓட்டு. கீறல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கம்பி · இரவு 11.36

எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள், தம்பியின் வேலை இன்னும் முடியவில்லை.

சிப்புட் தம்பி, இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் டிவியின் படம் செட்டிங்கில் கேம் மோட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சின்னப் பெட்டி செருகிய எச்.டி.எம்.ஐ.யில் வைத்துக்கொண்டே போடுங்கள், சில டிவியில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். கேம் மோட் இல்லை என்றால் அந்த இன்புட்டின் பெயரை பி.சி. என்று மாற்றிப் பாருங்கள், பல டிவிகள் அப்போது மெருகேற்றும் வேலையைக் குறைத்துவிடும். அசைவை வழவழப்பாகக் காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், தாமதத்தில் பெரும் பங்கு அதற்குத்தான்.

அப்புறம் டிவியின் பின்னால் ஏ.வி. என்று எழுதிய சின்ன உருண்டைத் துளை, இயர்போன் செருகுவது போல, இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் அந்த ஒரே துளையில் வைத்துவிடுகிறார்கள். அதற்கான குட்டை வயர் டிவி பெட்டிக்குள்ளேயே வந்திருக்கலாம், அட்டையை எறிவதற்கு முன் தேடுங்கள். கிடைத்தால் நடுவில் இருக்கும் பெட்டியே தேவையில்லை. வெளியே அந்த வயர் வாங்கினால் டிவியோடு பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே இணைப்பு வரிசை டிவிக்கு டிவி மாறும்.

இவை எதுவும் நடக்கவில்லை என்றால் தோட்டத்தில் யார் வீட்டிலாவது பெட்டி டிவி தூசி படிந்து கிடக்கும். தீபாவளி ஒரு நாளுக்கு இரவல் கேளுங்கள். அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

நோ மெர்சி ரசிகன் · இரவு 11.41

கடைசி வரிக்கு இரண்டு கையும் தூக்குகிறேன்.

கிந்தா வாசி · மறுநாள் காலை 8.05

தம்பி, என்ன ஆச்சு? மெமரி கார்டில் பழைய சீசனும் நீங்கள் செய்த வீரர்களும் இருந்தால், சோதனை செய்யும்போது சேவ் ஓடிக்கொண்டிருக்கையில் மெஷினை அணைத்துவிடாதீர்கள். அழிந்தால் திரும்பாது.

கேம் வாத்தியார் · மறுநாள் பகல் 12.50

பதில் வாங்கிக்கொண்டு காணாமல் போவதுதான் புதியவர்களின் வழக்கம்.

சிப்புட் பையன் · மறுநாள் மாலை 6.22

மின்கம்பி அண்ணே, ஏ.வி. துளை இருந்தது, வயரும் டிவி அட்டைக்குள்ளேயே இருந்தது. சின்னப் பெட்டியைக் கழற்றிவிட்டு கேம் மோட் போட்டேன். ரிவர்சல் விழுகிறது. பெட்டி டிவி அளவுக்கு இல்லை, ஆனால் ஆடலாம். எல்லாருக்கும் நன்றி. பெரியப்பா கார் வந்துவிட்டது, போகிறேன்.

லூனாஸ் அக்கா · மறுநாள் மாலை 6.30

சந்தோஷம் தம்பி. தீபாவளி வாழ்த்துகள்.

ரப்பர் மரம் · மறுநாள் இரவு 7.15

கேம் மோட் எந்த மெனுவுக்குள் இருந்தது, தம்பி? என் டிவியிலும் தேடுகிறேன், கிடைக்கவில்லை.