'சீப் ஆஸ் சிப்ஸ்' (சிப்ஸ்போல மலிவு என்ற பிரிட்டிஷ் வழக்கு): உங்கள் காதில் விழுந்த இடம் எது?

கிராய்டன்வாசி
கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய பொருள் விற்கும் கார் பூட் சந்தையில் அம்மாவின் தையல் மெஷினை விற்றேன். கையால் சுழற்றும் பழைய மாடல். 20 பவுண்டு என்றேன். வந்தவர் பேரமே பேசவில்லை. தாளை என் கையில் திணித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பி, "சீப் ஆஸ் சிப்ஸ்!" என்றார். பிபிசியின் பழம்பொருள் நிகழ்ச்சியில் டேவிட் டிக்கின்சன் சொல்வாரே, அதே இழுவை. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர், மெஷினை நான் துணியில் சுற்றிக் கொடுக்கும்வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா?

மெட்வே கரை
எல்லோரும் இந்தச் சிப்ஸை வறுத்த உருளைக்கிழங்கு என்றே எண்ணிக்கொள்கிறீர்கள். இங்கிலாந்தின் பழைய கப்பல் கட்டும் தளமான சாத்தத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். கப்பல் தச்சர்கள் செதுக்கும்போது விழும் மரத்துண்டுகளுக்கும் சிப்ஸ் என்றுதான் பெயர். அரச கப்பல் தளங்களில் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை தச்சர்களுக்கு இருந்தது. நல்ல பலகையையே துண்டு போட்டுத் தூக்கிப் போனார்களாம்! 1801இல் அதை நிறுத்தி, பதிலுக்குப் படிக்காசு கொடுத்தார்கள். வழிகாட்டியாக வந்த முதியவர் ஒரு கட்டையைத் தோளில் ஏற்றி, இல்லாத காவலருக்குச் சலாம் வைத்து, எங்கள் முன்னால் கம்பீரமாக நடந்து காட்டினார். ஓசியில் வந்ததைவிட மலிவு எது? என் ஓட்டு மரத்துக்கே.

பிளாக்பர்ன் கடைக்காரன்
மேலே எழுதியவருக்கு: மரம் இருக்கட்டும். டிக்கன்ஸ் 1859இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'யிலேயே, பாரிஸ் ஏழைகள் ஃபார்திங் காசுக்குத் தின்னும் கிழங்கு சிப்ஸ் வந்துவிடுகிறது. ஃபார்திங் என்றால் கால் பென்னி. இரண்டாம் உலகப் போரில் ரேஷனுக்குள் வராமல் தப்பியதும் மீனும் சிப்ஸும்தான். அந்தச் சொற்றொடரை இன்றுவரை ஊர் வாயில் வைத்திருப்பது கிழங்கு, கட்டை அல்ல.

நான் சிப்ஸ் கடையில் வேலை செய்கிறேன். 2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது; ரஷ்ய மீனுக்கு 35 சதவீதம் கூடுதல் வரி வேறு. விலைப்பலகையை மாற்றிய வாரம், வழக்கமாக வெள்ளிக்கிழமை வரும் பாட்டி உள்ளங்கையில் காசை எண்ணினார், பலகையைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். "சீப் ஆஸ் சிப்ஸ் என்பார்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மீன் வேண்டாம் என்றார். விலையை ஏற்றியது முதலாளி. பார்வை விழுந்தது என்மேல்.

லூட்டன் அக்கா
கிராய்டன் தம்பி, அந்த ஆள் உங்களை ஏளனம் செய்யவில்லை. இந்த ஊரில் அது வாங்கியவனின் குதூகலம், அவ்வளவுதான். என் மாமியார் பரிசாகத் தந்த கோட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி தடவிப் பார்த்து அதையே சொன்னார். நான் விலையே சொல்லியிருக்கவில்லை! அதைத்தான் ஏளனம் என்பேன்.

சந்தைக்கு மறுபடி போவதானால் நான் சொல்வதைக் கேளுங்கள். விடியும் முன்பே டார்ச் விளக்கோடு வருகிறவர்கள் வியாபாரிகள். நீங்கள் டிக்கியைத் திறக்கும்போதே கையை உள்ளே விடுவார்கள். அவர்களுக்கு உடனே விலை சொல்லாதீர்கள். முதலில் மேசையை விரியுங்கள், தேநீரைக் குடியுங்கள். பழைய மெஷின் என்றால் வரிசை எண்ணை வைத்து எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று முந்தைய நாளே பார்த்துவிடலாம். மனத்தில் இருக்கும் தொகையைவிடக் கொஞ்சம் ஏற்றியே சொல்லுங்கள், பேரத்துக்கு இடம் வேண்டும். சில்லறை நிறைய வைத்திருங்கள். இடுப்புப் பை நல்லது, தகரப் பெட்டி வேண்டாம், திருட்டுப் போகும். மழை வந்தால் மூட பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு போங்கள்.