ஹைட்டிக்கு நமது பங்குக் கோவில் அனுப்பும் பணம்: பள்ளிக்கா, சிறுவர் இல்லத்துக்கா?

சாரல்:
மொன்றியலில் எங்கள் கோவிலில் தமிழர்களும் ஹைட்டியர்களும் அடுத்தடுத்த வாங்குகளில் அமர்ந்துதான் திருப்பலி காண்கிறோம். இம்முறை தவக்காலக் காணிக்கையை ஹைட்டியிலுள்ள ஒரு பங்குப் பள்ளிக்கும், அதே ஊரிலுள்ள சிறுவர் இல்லத்துக்கும் சரிபாதியாக அனுப்புவதென்று பங்குப் பேரவை தீர்மானித்துள்ளது. தொடக்கக் கல்வி இலவசம் என்று அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு கூறினாலும், அங்குள்ள பள்ளிகளில் பத்தில் எட்டுக்கு மேல் அரசு சாராதவை. அவற்றில் பெருந்தொகையானவை திருச்சபைகளின் கையில் உள்ளன. அரசு நடத்தாத பள்ளியை நடத்துகிறவர்களுக்குக் கொடுப்பதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை.

எதிர்க்காற்று:
'அரசு நடத்தாத பள்ளி' என்பது பாதிக் கதை. 1860இல் வத்திக்கானுடன் ஒப்பந்தம் செய்த நாள் முதல் ஹைட்டியின் கல்வியில் பெரும்பங்கு பிரான்சிலிருந்து வந்த துறவற சபைகளிடம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் ஹைட்டி மக்களின் மொழியான கிரயோல் பேசிய பிள்ளைக்குப் பள்ளியில் பிரெஞ்சு மட்டுமே கிடைத்தது. கிரயோலைப் பயிற்று மொழியாக்கும் சீர்திருத்தம் 1979இல்தான் வந்தது. பாடம் விளங்காமலே மனப்பாடம் செய்து ஒப்பித்த தலைமுறைகளுக்கு யார் பொறுப்பு?

சிறுவர் இல்லம் இதைவிடக் கவலைக்குரியது. 2010 ஜனவரி 12ஆம் தேதி நிலநடுக்கம் ஏற்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி அண்டை நாடான டொமினிக்கன் குடியரசின் எல்லைக்குக் கொண்டு சென்று கைதானார்கள். அனாதைகள் என்று சொல்லப்பட்ட அப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். படிக்க வைப்பார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களே பிள்ளைகளை ஒப்படைத்திருந்தனர். அந்தப் பெற்றோரிடம் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்திருந்தால் போதுமே!

மலைவழி:
எதிர்க்காற்று கூறும் இரண்டும் உண்மை. ஆனால் கான்ஜ் என்ற மலைக்கிராமத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1950களில் பெலிக்ர் அணையின் நீர் வயல்களை மூழ்கடித்தபோது மேட்டுக்கு ஏறி, நிலமின்றித் தங்கிய விவசாயிகளின் ஊர் அது. ஃபிரிட்ஸ் லாஃபோந்தான் என்ற ஹைட்டிய ஆங்கிலிக்கன் குரு அங்கே பள்ளி தொடங்கினார். அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த சபையினர் குடிநீரை மேலே ஏற்றித் தந்தார்கள். 1980களில் பால் ஃபார்மர் என்ற மருத்துவ மாணவர் வந்து சேர, அங்கேயே மருத்துவமனையும் வளர்ந்தது. பணம் வெளியிலிருந்துதான் போனது. ஆனால் முதலில் தண்ணீரா, வகுப்பறையா என்பதை அந்த மக்களோடு வாழ்ந்தவரே தீர்மானித்தார்.

எதிர்க்காற்று:
கான்ஜை மறுக்க மாட்டேன். ஆனால் அது நமது பங்குகளின் வழக்கமன்று. எனக்குத் தெரிந்த ஒரு கோவிலின் நிலவறையில், ஹைட்டிக்கென்று கட்டிய பெட்டிகளைத் தூக்கி அடுக்க ஒருமுறை சென்றிருந்தேன். ஒன்றைத் திறந்து பார்த்தால் பஞ்சு வைத்த குளிர்காலக் கோட்டுகள். ஒன்றின் பையில் யாரோ மறந்துவிட்ட மெட்ரோ டிக்கெட்! வெயில் கொளுத்தும் நாட்டுக்கு அவற்றை அனுப்பும் கப்பல் செலவில் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். இலவசப் பொருளால் உள்ளூர்த் தையற்காரருக்கு என்ன நேரும் என்பதற்கு அரிசியே சாட்சி. 1990களின் நடுவில் இறக்குமதி வரி 50 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தபின், அமெரிக்க அரிசி அங்குள்ள விவசாயியை வயலைவிட்டே விரட்டியது. அந்தக் கொள்கையை முன்னெடுத்த முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனே 2010இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

சாரல்:
வரியைக் குறைத்தது அரசுகள். அந்தப் பழியைக் கோவில் பெட்டிகளின் மேல் ஏற்றாதீர்கள். கோட்டுகளைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க என்னால் முடியவில்லை.

நேற்றுத் திருப்பலி முடிந்தபின், முன்வாங்கில் இருக்கும் ஹைட்டிய அம்மாவிடம் இதைக் கேட்டேன். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் அவர், ஒவ்வொரு செப்டெம்பரிலும் தங்கையின் மூன்று பிள்ளைகளுக்கு 'எக்கோலாஜ்' அனுப்புகிறார்; பள்ளிக் கட்டணத்துக்கு அவர்களுடைய சொல் அது. கட்டணம் பிந்தினால் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். சிறுவர் இல்லத்தைப் பற்றிக் கேட்டபோது, "அங்கே கொடுத்துவிட்டால் சோறாவது கிடைக்கும் என்று நினைக்கிற தாயை நீ திட்டாதே" என்றார். ஆகவே, இல்லத்துக்கான பாதியையும் பள்ளிக் கட்டணத்துக்கே மாற்றும்படி பேரவையிடம் எழுத்தில் கேட்கப்போகிறேன்.

எதிர்க்காற்று:
அப்படியானால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி விலகுகிறது, முழுவதும் அன்று. கட்டணத்தை ஓராண்டு கொடுத்துவிட்டு மறு ஆண்டு வேறொரு நாட்டின் படத்தைச் சுவரொட்டியில் மாட்டினால், அதே பிள்ளை அதே வாசலில் நிற்கும். ஆறாம் வகுப்பு முடியும்வரை கொடுப்பதாக உறுதி எழுதுவீர்களா? ஆசிரியரின் சம்பளம் யார் கையால், எந்த மாதம் போகிறது என்று கேட்டீர்களா?

சாரல்:
ஆறாண்டு என்று கேட்டால் பேரவையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மூன்றாண்டு என்று எழுதியிருக்கிறேன். சம்பளத்தைப் பற்றி அங்குள்ள பங்குத்தந்தைக்கு மடல் போயிருக்கிறது. வழக்கமாக அங்கே வீதிகள் மறிக்கப்படாமல் திறந்திருக்கும் வாரத்தில்தான் அவரிடமிருந்து பதில் வரும்.