அன்றைய இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ விளையாட்டுக்கு நல்லது செய்தாரா, கெட்டது செய்தாரா? (ஜகார்த்தா 1962, கானெஃபோ 1963)

ஓடுகளம்:
ஒலிம்பிக் கமிட்டியை எதிர்த்து நின்றார் என்று சுகர்ணோவைத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அமைப்புக்குழு தரும் அடையாள அட்டைதான் விசா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அது தரப்படவில்லை, அவ்வளவுதான். 1954, 58 இரண்டிலும் டெகத்லான் (பத்துவகைத் தடகளப் போட்டி) தங்கம் வாங்கிய தைவானின் யாங் சுவான்-குவாங் வரமுடியவில்லை. அவர் செய்த குற்றம் என்ன?

கடைசிபெஞ்ச்:
1960 ரோமில் அதே தைவான் அணியை 'ஃபார்மோசா' என்ற பெயரில் நடக்கவைத்தது ஒலிம்பிக் கமிட்டி. அணிவகுப்பில் அவர்கள் எதிர்ப்புப் பலகை பிடித்துக்கொண்டு போனார்கள். 1936-ல் ஹிட்லர் போட்டியைத் தொடங்கிவைத்தபோது கமிட்டி பக்கத்தில்தான் நின்றது. விளையாட்டில் அரசியலே ஆகாது என்று இவர்கள் சொல்லலாமா?

ஓடுகளம்:
ரோமில் பெயரை மாற்றினார்கள், ஆளை ஓடவிட்டார்கள். யாங் வெள்ளி வாங்கினார். ஜகார்த்தாவில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இதற்கு 'ஆசிய விளையாட்டு' என்ற பெயரே கூடாது என்று ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த நம் இந்தியர் சோந்தி சொன்னார், இந்தியத் தூதரகத்தைக் கும்பல் தாக்கியது. கால்பந்து இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற நம் அணியை அரங்கமே கூவி ஏசியது.

கடைசிபெஞ்ச்:
கும்பல் செய்தது அசிங்கம், மறுக்கவில்லை. ஆனால் 1963 பிப்ரவரியில் இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தார்களே, அதன் பதில்தான் அதே வருடம் நவம்பரில் ஒலிம்பிக்குக்குப் போட்டியாக சுகர்ணோ நடத்திய கானெஃபோ விளையாட்டுகள். விளையாட்டில் அரசியல் உண்டு என்று சுகர்ணோ வெளிப்படையாகவே சொன்னார். பூசி மெழுகவில்லை.

ஓடுகளம்:
விலை கொடுத்தது யார்? கானெஃபோவில் கலந்துகொண்டவர்களைத் தடகள, நீச்சல் சம்மேளனங்கள் தடைசெய்தன. சோவியத் யூனியன் இது தெரிந்துதான் இரண்டாம்தர ஆட்களை அனுப்பியது. வடகொரியாவின் ஷின் கும்-டான் மாட்டிக்கொண்டார். கானெஃபோவில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.1 வினாடியில் ஓடினார். உலக சாதனையாக ஏற்கவில்லை. மறுவருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் பிரிட்டனின் ஆன் பேக்கர் தங்கம் வாங்கிய நேரம் 2 நிமிடம் 1.1.

கடைசிபெஞ்ச்:
அந்தத் தடையைப் போட்டது சுகர்ணோவா?

நடுக்கோடு:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்தோனேசியா மீதான இடைநீக்கத்தை ஒலிம்பிக் கமிட்டி 1964-ல் விலக்கிவிட்டது. சம்மேளனங்களின் தடை தனி, அது கமிட்டியின் கையில் இல்லை. மற்ற பல விளையாட்டுக்காரர்களுக்கு அந்தத் தடையும் கிடையாது. ஆனாலும் 'எல்லோரும் அல்லது யாருமில்லை' என்று இந்தோனேசியாவும் வடகொரியாவும் டோக்கியோ வரை வந்த முழு அணியையும் திருப்பி அழைத்துக்கொண்டன. தடகளக்காரர்களை முடக்கியது சம்மேளனம் என்றால், குத்துச்சண்டைக்காரனை முடக்கியது அவன் சொந்த அரசாங்கம்.

கடைசிபெஞ்ச்:
சரி, அந்தக் கடைசி முடிவுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். 62-க்கு வாங்குவேன்.

ஓடுகளம்:
62-லிருந்துதானே ஐயா எல்லாம் ஆரம்பித்தது!